ஏ.ஸி. யந்திரமும் எர்த் கம்பியும்

சித்திரை பிறப்பதற்கு முன்னரே நமது பட்டணங்களில் ஏ.ஸி. வியாபாரம் சூடு பிடித்துவிடுகிறது. ஒரு தலைமுறைக்கு முன் பாங்கிகளிலும், சினிமாக் கொட்டகைகளிலும், பெரிய உத்தியோகஸ்தர்களின் அறைகளிலும் மட்டுமே காணப்பட்ட அந்த யந்திரம், இன்று தவணை முறையில் சாமானிய குமாஸ்தாவின் வீட்டிற்கும் வந்து சேர்ந்திருக்கிறது. கார்த்திகை மார்கழியில் அவ்விடத்தை வெந்நீர் ஹீட்டர் பிடித்துக்கொள்ளுகிறது. இதனை ஆடம்பரம் என்று பழிப்பது நமது நோக்கமன்று. பகலெல்லாம் உழைத்தவன் இரவில் சில மணி நேரம் நிம்மதியாக உறங்க விரும்புவது குற்றமாகாது. வயோதிகரும் நோயாளிகளும் உள்ள வீடுகளில் அது வைத்தியத்தோடு சேர்ந்த விஷயமாகவும் ஆகிவிடும். நாம் சொல்ல வந்தது வேறு. நாற்பதினாயிரம் ரூபாய் கொடுத்து யந்திரத்தை வாங்குகிறவர், அதற்கு மின்சாரம் கொண்டுசெல்லும் கம்பிக்கு இரண்டாயிரம் ரூபாய் செலவிடத் தயங்குகிறார். நக்ஷத்திரம் எத்தனை என்று கடைக்காரரை நான்கு தரம் கேட்கிறவர், எர்த் இருக்கிறதா என்று தம் வீட்டுச் சுவரை ஒரு தரமும் கேட்பதில்லை.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வருஷந்தோறும் வெளியிடும் விபத்து மரணக் கணக்கைப் பார்ப்போருக்கு ஒன்று விளங்கும். நமது நாட்டில் மின்சாரம் தாக்கி மாண்டோர் தொகை சமீப காலத்தில் ஆண்டொன்றுக்குப் 10,000-க்கு மேற்பட்டே நிற்கிறது. வயலில் அறுந்து விழுந்த கம்பியை மிதித்தவர், மழையில் கம்பத்தைத் தொட்டவர், பம்பு செட்டில் கை வைத்தவர் ஆகியோரெல்லாம் அதில் அடங்குவர். குளிக்கும் அறையில் மாண்டவர்களும், ஏ.ஸி. மாட்டச் சென்ற இடத்தில் மாண்ட தொழிலாளரும் அதில் உண்டு. இயற்கை செய்யும் கொடுமையென்று இம்மரணங்களைச் சொல்வதற்கில்லை. காரணமும் பரிகாரமும் பள்ளிக்கூடத்துப் பெளதிக புஸ்தகத்திலேயே இருக்கின்றன. நிதானமாக அவற்றை ஆராய்வோம்.

முதலில் யந்திரத்தின் பசி எவ்வளவு என்று பார்க்கவேண்டும். "ஒன்றரை டன் ஏ.ஸி." என்பதில் டன் என்பது யந்திரத்தின் எடையன்று. ஒரு டன் பனிக்கட்டி ஒரு பகலும் ஓர் இரவும் கொண்டு உருகும்போது எவ்வளவு உஷ்ணத்தை விழுங்குமோ, அவ்வளவு உஷ்ணத்தை அறையிலிருந்து வெளியேற்றும் சக்தி என்பதே பொருள். பனிக்கட்டி வியாபாரம் நடந்த காலத்துக் கணக்கு யந்திரத்தின் மேல் ஒட்டிக்கொண்டுவிட்டது. மணிக்கு 12,000 பி.டி.யு. என்றும், சுமார் மூன்றரைக் கிலோவாட் என்றும் இதனைச் சொல்வதுண்டு. ஆனால் கம்பியிலிருந்து அது எடுத்துக்கொள்வது இதைவிடக் குறைவு. ஒன்றரை டன் யந்திரம் முழு வேகத்தில் ஓடும்போது சுமார் 7 அல்லது 8 ஆம்பியர் எடுக்கும். இன்வெர்டர் வகை அல்லாத பழைய கம்ப்ரெஸர் கிளம்பும் கணத்தில் இதைப்போலப் பல மடங்கு எடுத்துப் பின் அடங்கும். 2 கிலோவாட் ஹீட்டர் 9 ஆம்பியருக்குச் சற்றுக் குறைவாகவும், குழாயைத் திறந்தவுடன் வெந்நீர் தரும் 3 கிலோவாட் ஹீட்டர் 13 ஆம்பியரும் எடுக்கும். விளக்கும் மின்விசிறியும் எடுப்பது இதனுடன் ஒப்பிடத் தக்கதன்று. விளக்குக்காகப் போட்ட கம்பியில் இந்த யந்திரங்களைத் தொங்கவிடுவது, ஒற்றை மாட்டு வண்டியில் நெல் மூட்டை நூறு ஏற்றுவதற்குச் சமானமாகும்.

கம்பியின் பருமனைப் பற்றி நம்மவர்களிடையே ஒரு தவறான எண்ணம் உண்டு. மெல்லிய கம்பி போட்டால் அது சிவக்கக் காய்ந்து எரிந்துவிடும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். போட்டு ஒரு வருஷம் ஆகியும் எரியவில்லையே என்று வேறு சிலர் துணிவு கொள்ளுகிறார்கள். இரண்டும் சரியன்று. மீட்டர்ப் பெட்டியிலிருந்து ஏ.ஸி. வரை 20 மீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்வோம். போக 20, வர 20, ஆக 40 மீட்டர் கம்பி. அது 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியானால் அதன் தடை சுமார் அரை ஓம். 8 ஆம்பியரை எட்டால் பெருக்கி, வந்த 64-ஐ அரையால் பெருக்க, சுமார் 32 வாட் உஷ்ணம் கம்பியில் உண்டாகிறது. நாற்பது மீட்டரில் பரவுகிற அவ்வுஷ்ணம் அதனளவில் கம்பியை எரித்துவிடாது. ஆனால் சுவருக்குள் புதைந்த ஒரே குழாயில் ஹீட்டர் கம்பியும், சமையலறைக் கம்பியும், இக்கம்பியும் நெருங்கிக் கிடந்தால், ஒன்றன் உஷ்ணம் மற்றொன்றின் உறையை வாட்டும். பி.வி.ஸி. உறை வருஷக் கணக்கில் இறுகி, வெடித்து, உதிரும். இக்காரணம் பற்றியே அனுபவமுள்ள மின் வேலைக்காரர் ஏ.ஸி.க்கு 4 சதுர மில்லிமீட்டரும், ஹீட்டருக்குக் குறைந்தது 2.5 சதுர மில்லிமீட்டரும் போட்டு, ஒவ்வொன்றையும் பெட்டியிலிருந்தே தனி வழியாகக் கொண்டுபோகிறார்.

இனி அதே அரை ஓம் தடை, நாற்பது மீட்டரில் பரவாமல், ஒரே ஓர் இணைப்பில் இருக்குமானால் என்ன ஆகும்? அதே 32 வாட் உஷ்ணம் மிளகளவு இடத்தில் திரளும். ரேடியோ பழுது பார்ப்பவர் ஈயம் உருக்கப் பிடிக்கும் பற்றுக்கோலுக்கு 25 வாட் போதும் என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் உக்கிரம் விளங்கும். கம்பி போதாமற்போன இடத்தில் இரண்டு நுனிகளையும் கையால் முறுக்கி, மேலே டேப் சுற்றி, சுவருக்குள்ளோ பொய்க் கூரைக்கு மேலோ தள்ளிவிடுகிறார்களே, அந்த முறுக்குதான் அரை ஓம் தடையாகிறது. முதல் நாள் அது இறுக்கமாகவே இருக்கும். யந்திரம் ஓடும்போது காய்ந்து விரியும், நின்றதும் குளிர்ந்து சுருங்கும். ஒவ்வொரு தடவையும் சிறிது தளரும். தளர்ந்த இடத்தில் களிம்பு ஏறும். களிம்பு ஏறிய இடம் இன்னும் அதிகமாகக் காயும். ஸ்குரூ சரியாக முடுக்கப்படாத ஸ்விட்சிலும், அகன்றுபோன பிளக் துளையிலும் நடப்பது இதுவே. பிளக்கின் முள் பழுப்பேறி, கருகல் வாசனை வருகிறதென்றால், உள்ளே இக்காரியம் வெகுதூரம் சென்றுவிட்டது என்று அறியவேண்டும். உள் யூனிட்டையும் வெளி யூனிட்டையும் சேர்க்கும் கேபிளிலும் நடுவில் முறுக்கு இருக்கவே கூடாது. நீளம் போதாவிட்டால் முழுக் கேபிளையும் மாற்றவேண்டுமேயன்றி ஒட்டுப் போடலாகாது. பல இழைக் கம்பியின் நுனியில் லக் வைத்துக் கிரிம்ப் செய்து, பிறகு டெர்மினலில் முடுக்கினால் இழை ஒன்றும் வெளியே பிதுங்கி நிற்காது. இதற்கு ஆகும் செலவு ஒரு வேளைக் காப்பிச் செலவுதான்.

எம்.சி.பி. யாரைக் காக்கிறது?

"எங்கள் வீட்டில் எம்.சி.பி. இருக்கிறது, பயமில்லை" என்று சொல்லும் நண்பர்கள் அநேகர். இது நமது நாட்டில் மிகப் பரவியிருக்கும் மயக்கம். எம்.சி.பி. காப்பது கம்பியை, மனிதனையன்று. கம்பி தாங்கும் அளவிற்குமேல் மின்சாரம் ஓடினால் அது விழும். அதுவும் உடனே அன்று. 16 ஆம்பியர் எம்.சி.பி. 18 ஆம்பியரை ஒரு மணி நேரம் வரை பொறுத்துக்கொள்ளும். விதிப்படி அது அப்படித்தான் செய்யப்பட்டிருக்கிறது. 23 ஆம்பியருக்கு மேற்பட்டால் ஒரு மணி நேரத்திற்குள் விழும். ஒரு கணத்தில் விழவேண்டுமானால், 'ஸி' வகையில் அதன் அளவைப்போல ஐந்திலிருந்து பத்து மடங்கு மின்சாரம் பாயவேண்டும்.

வீடுகளில் நடப்பது என்ன? ஏ.ஸி. போட்டவுடன் 16 ஆம்பியர் எம்.சி.பி. அடிக்கடி விழுகிறது. வீட்டுக்காரர் கோபிக்கிறார். வந்தவர் அதைக் கழற்றிவிட்டு 32 ஆம்பியர் ஒன்றை மாட்டிச் செல்லுகிறார். அது விழுவதில்லை, எல்லோருக்கும் திருப்தி. கம்பி மட்டும் பழைய கம்பியே. முன்பு எம்.சி.பி. விழுந்து கம்பியைக் காத்தது. இனிக் கம்பி எரிந்து எம்.சி.பி.யைக் காக்கும். எம்.சி.பி.யின் அளவு கம்பியின் பருமனைப் பார்த்து நிச்சயிக்கப்படவேண்டுமேயன்றி, வீட்டுக்காரரின் பொறுமையைப் பார்த்தன்று.

மனிதனைக் காக்கும் காரியத்தில் எம்.சி.பி. எவ்வளவு பலஹீனமானது என்பதைக் கணக்கிட்டே காட்டிவிடலாம். ஹீட்டருக்குள் உப்பு நீரினால் எலிமெண்ட்டின் உறை அரித்து, பேஸ் மின்சாரம் உலோகக் கூட்டிற்கு வந்துவிட்டது என்று கொள்வோம். எர்த் கம்பி இருக்கிறது. எர்த் குழியின் தடை 5 ஓம். 230 வோல்ட்டை 5-ஆல் வகுக்க, 46 ஆம்பியர் மண்ணுக்குள் பாய்கிறது. 16 ஆம்பியர் 'ஸி' வகை எம்.சி.பி. கணத்தில் விழ 80 ஆம்பியராவது வேண்டும். ஆகையால் உள்ளிருக்கும் தகடு காய்ந்து வளையும் வரை அது காத்திருக்கிறது. அத்தனை வினாடிகளும் ஹீட்டரின் கூடு ஆளைக் கொல்லும் வோல்ட்டில் நிற்கிறது. இதுவாவது நல்ல எர்த். கோடையில் தண்ணீர் ஊற்றாமல் வறண்டுபோன குழியின் தடை 50 ஓம் என்றால், பாய்வது 4.6 ஆம்பியர்தான். இது ஹீட்டர் சாதாரணமாக எடுக்கும் மின்சாரத்தில் பாதி. எம்.சி.பி.க்கு ஒரு குறையும் தோன்றாது. அது யுகாந்த காலம் வரை விழாது. குளிக்கச் செல்லும் மனிதன் ஈரக் கையோடு குழாயைத் திருப்புகிறான்.

சுமார் 10 மில்லி ஆம்பியர் உடலில் பாய்ந்தாலே கைத்தசை இறுகி, பிடித்ததை விட முடியாமற்போகும். 30 மில்லி ஆம்பியருக்கு மேல் நீடித்தால் இருதயத்தின் தாளம் குலையக்கூடும். ஆம்பியரில் ஆயிரத்தில் முப்பது பங்கு! 16 ஆம்பியரைக் காவல் காக்கும் எம்.சி.பி.க்கு இது கண்ணில் படுமா?

இவ்விடத்தில்தான் ஆர்.ஸி.ஸி.பி. என்னும் சாதனம் வருகிறது. அதன் தத்துவம் கணக்கப்பிள்ளையின் தத்துவமே. பேஸ் வழியாகப் போன மின்சாரம் முழுவதும் நியூட்ரல் வழியாகத் திரும்பி வரவேண்டும். வரவு செலவில் 30 மில்லி ஆம்பியர் துண்டு விழுந்தால், அது எங்கோ மண்ணுக்கோ மனிதனுக்கோ போகிறது என்று தீர்மானித்து, ஒரு வினாடியில் மூன்றில் ஒரு பங்கிற்குள் இரண்டு கம்பிகளையும் துண்டித்துவிடும். துண்டு பெரியதானால் இன்னும் வேகம். எர்த் குழி 5 ஓமா 50 ஓமா என்பது அதற்கு ஒரு பொருட்டன்று. அதற்கும் வரம்பு உண்டு: ஒருவன் ஒரு கையில் பேஸையும் மற்றொரு கையில் நியூட்ரலையும் பிடித்தால், கணக்கில் துண்டு விழாதாகையால் அது சும்மா இருக்கும். கம்பியில் அதிக மின்சாரம் ஓடுவதையும் அது கவனிக்காது. எனவே எம்.சி.பி., ஆர்.ஸி.ஸி.பி. இரண்டும் வேண்டும், ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யாது.

மத்திய மின்சார ஆணையம் 2010-இல் செய்த பாதுகாப்பு விதிகளும், அவற்றின் இடத்தில் 2023-இல் வந்த விதிகளும், மிகச் சிறிய இணைப்புகள் நீங்கலாக, வீடுகளில் 30 மில்லி ஆம்பியருக்கு மேற்படாத இக்காவல் இருக்கவேண்டும் என்றே விதிக்கின்றன. விதி இருக்கிறது. பெட்டியைத் திறந்து பார்த்தால் பல வீடுகளில் அச்சாதனமும் இருக்கிறது. ஆனால் அதன் மேலிருந்து கீழே நேராக ஒரு கம்பி போட்டு, அதை ஊமையாக்கியிருப்பார்கள்!

இது ஏன் என்று விசாரிக்கவேண்டும். தொழிலாளியைத் திட்டிவிட்டுப் போவதில் பயனில்லை. நமது வீடுகளில் மின்வெட்டுக் காலத்தில் யு.பி.எஸ். பெட்டி வந்தது. அதற்கு வயரிங் செய்தவர்கள் பேஸை மட்டும் தனியாகப் பிரித்து, நியூட்ரலை எல்லாவற்றிற்கும் பொதுவாகவே விட்டார்கள். ஓர் அறையின் நியூட்ரல் மற்றோர் அறையின் நியூட்ரலோடு பெட்டிக்கு வெளியே முடிச்சுப் போட்டுக் கிடக்கிறது. இந்நிலையில் ஆர்.ஸி.ஸி.பி.யை மாட்டினால், போன வழியாகத் திரும்பாத மின்சாரத்தைக் கண்டு அது உடனே விழுகிறது. சாதனத்தின்மேல் குற்றமில்லை, அது உண்மையைச் சொல்லுகிறது. முடிச்சுகளைத் தேடிப் பிரிக்க ஒரு நாள் வேலை. அந்த ஒரு நாள் கூலியைக் கொடுக்க வீட்டுக்காரர் இசைவதில்லை. ஆகவே சாட்சியின் வாய் அடைக்கப்படுகிறது. மழைக்காலத்தில் மட்டும் விழுகிறதென்றால், எங்கோ ஈரம் உள்ளே இறங்குகிறது. பழைய ஹீட்டரை இயக்கினால் மட்டும் விழுகிறதென்றால், எலிமெண்ட் செத்துக்கொண்டிருக்கிறது. ஆர்.ஸி.ஸி.பி. விழுவதைத் தொந்தரவு என்று எண்ணாமல் தகவல் என்று எண்ணப் பழகவேண்டும். அதன் முகத்திலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்ப்பதற்கு வீட்டுக்காரரே போதும்.

நியூட்ரலை எர்த் ஆக்கும் அக்கிரமம்

இவற்றையெல்லாம்விடக் கொடியது ஒன்று இருக்கிறது. ஏ.ஸி. மாட்ட வந்தவர் 16 ஆம்பியர் பிளக் துளையைச் சோதிக்கிறார், எர்த் வரவில்லை. சில யந்திரங்களும் ஸ்டெபிலைசர்களும் எர்த் இல்லாவிட்டால் தவறு காட்டும். கட்டடத்தின் எர்த் குழி எங்கே என்று கேட்டால் வீட்டுக்காரருக்குத் தெரியாது. வாடகைக்கு இருப்பவரானால் கேட்கவும் வேண்டா. வந்தவருக்கு இன்னும் மூன்று வீடுகள் பாக்கி. அவர் ஒரு சிறு துண்டுக் கம்பியை எடுத்து, துளைக்குப் பின்னால் நியூட்ரல் டெர்மினலையும் எர்த் டெர்மினலையும் சேர்த்துவிடுகிறார். பல்பு வைத்துப் பார்த்தால் பிரகாசமாக எரிகிறது. "எர்த் வந்துவிட்டது, ஸார்" என்கிறார்.

அவர் செய்த காரியத்தின் விளைவை ஆலோசித்துப் பாருங்கள். நியூட்ரல் முறிவில்லாமல் இருக்கும்வரை ஒன்றும் நிகழாது. மாதங்கள் கழியும், வருஷங்களும் கழியும். ஒருநாள் பெட்டியிலோ கம்பத்திலோ நியூட்ரல் இணைப்புத் தளர்ந்து விடுபடுகிறது. யந்திரம் நின்றுபோகிறது, விளக்குகளும் நின்றுபோகின்றன. கரண்டு போய்விட்டது என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். ஆனால் பேஸ் வந்துகொண்டிருக்கிறது. அது ஏ.ஸி.க்குள்ளும் விளக்குக்குள்ளும் புகுந்து, திரும்பும் வழியில்லாத நியூட்ரல் கம்பியில் வந்து நிற்கிறது. அங்கிருந்து அந்தத் துண்டுக் கம்பியின் வழியாக எர்த் முள்ளுக்கும், எர்த் முள்ளிலிருந்து யந்திரத்தின் உலோக உடலுக்கும் வந்துவிடுகிறது. கரண்டு இல்லை என்று நம்பிய மனிதன் கை வைக்கும் இடத்தில் 230 வோல்ட் காத்திருக்கிறது. ரக்ஷிக்கவென்று வைத்த முள்ளே எமனுடைய தூதனாகிறது. பொய் எர்த்தைவிட எர்த் இல்லாமையே மேல் என்று சொல்லும்படியான நிலைமை இது.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய சாஸ்திர ஞானம் வேண்டியதில்லை. மெயின் ஸ்விட்சை நிறுத்தி, மின்சாரம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, பெட்டியில் அந்த வழியின் நியூட்ரலைக் கழற்றிவிட்டு, துளையில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே மீட்டர் வைத்துப் பார்த்தால் தொடர்பு இருக்கலாகாது. இருந்தால் எங்கோ துண்டுக் கம்பி ஒளிந்திருக்கிறது. குடிநீர்க் குழாயில் எர்த் கட்டுவதும் இதைப்போன்றதே. இரும்புக் குழாய் இருந்த காலத்துப் பழக்கம் அது. இன்று பாதி வழியில் பிளாஸ்டிக் குழாய் வந்துவிடுகிறபடியால், மண்ணைச் சேராமல் அண்டை வீட்டார் குளிக்கும் அறையைத்தான் அக்கம்பி சேருகிறது.

நிறத்திலும் ஒரு பொறி உண்டு. நமது வீட்டு வயரிங்கில் நெடுங்காலமாகச் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் பேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். யந்திரத்தோடு வரும் கேபிளிலோ பழுப்பு பேஸ், நீலம் நியூட்ரல், பச்சையில் மஞ்சள் கோடு எர்த். ஒரே நீலம், சுவருக்கு இப்புறம் பேஸாகவும் அப்புறம் நியூட்ரலாகவும் இருக்கக்கூடும். பேஸும் நியூட்ரலும் மாறிவிட்டால் யந்திரம் ஓடத்தான் செய்யும். ஆனால் ஒற்றை ஸ்விட்ச் அப்பொழுது நியூட்ரலைத்தான் துண்டிக்கும். நிறுத்திய யந்திரத்துக்குள் பேஸ் உயிரோடிருக்கும். ஆகையால் நிறத்தை நம்பாமல் டெஸ்டரை நம்பவேண்டும். ஹீட்டருக்கும் ஏ.ஸி.க்கும் இரு கம்பிகளையும் ஒருங்கே துண்டிக்கும் டபுள் போல் ஸ்விட்சே வைக்கவேண்டும். ஹீட்டரின் ஸ்விட்ச் குளிக்கும் அறைக்கு வெளியே இருப்பது உத்தமம்.

மாட்டுகிறவன் உயிர்

இதுவரை வீட்டுக்காரரின் உயிரைப் பற்றிச் சொன்னோம். மாட்ட வருகிறவனும் ஒரு தாயின் பிள்ளைதானே? மூன்றாம் மாடி ஜன்னலுக்கு வெளியே ஒரு காலும் உள்ளே ஒரு காலுமாக நின்று, முப்பது நாற்பது கிலோ யூனிட்டைத் தாங்குமரத்தில் ஏற்றுகிற இளைஞனின் இடுப்பில் கயிறு கட்டியிருப்பதை எத்தனை பேர் கண்டிருக்கிறோம்? சீஸனில் யூனிட்டுக்கு இவ்வளவு என்று கூலி. ஒரு நாளில் எத்தனை மாட்டினானோ அத்தனைக்கே காசு. அவசரத்தின் வேர் அங்கே இருக்கிறது.

அவன் சுவரில் துளை போடும்போது உள்ளே புதைந்த கம்பியைத் துளைத்துவிடும் அபாயம் உண்டு. ஸ்விட்ச் பெட்டிக்கு நேர் மேலும் கீழும் கம்பி ஓடும் என்று கருதி விலகவேண்டும். வேலை தொடங்குமுன் எம்.சி.பி.யை நிறுத்தினால் மட்டும் போதாது. வீட்டிலுள்ள குழந்தையோ பெரியவரோ "கரண்டு ஏன் இல்லை" என்று அதைத் தூக்கிவிடாதபடி டேப் ஒட்டி, எழுதி வைக்கவேண்டும். யு.பி.எஸ்.ஸையும் நிறுத்தவேண்டும்; மெயின் நின்றாலும் அது பொது நியூட்ரலில் மின்சாரம் விட்டுக்கொண்டிருக்கும். டெஸ்டர் எரியவில்லை என்பது கம்பி செத்துவிட்டது என்பதற்கு அத்தாட்சியன்று, டெஸ்டரே செத்திருக்கலாம். உயிருள்ள ஒரு துளையில் முதலில் அதைச் சோதித்து, பிறகு வேலை செய்யும் கம்பியில் வைத்து, மறுபடியும் உயிருள்ள துளையில் சோதிப்பதே கிரமம்.

யந்திரத்தைத் திறக்கும்போது கெப்பாசிட்டரை மறக்கலாகாது. ஸ்விட்சை அணைத்த பின்னும் அது மின்சாரத்தைப் பிடித்துவைத்திருக்கும். இன்வெர்டர் வகைப் பலகையில் 300 வோல்ட்டுக்கு மேற்பட்ட நேர்மின்சாரம் சில நிமிஷங்கள் தங்கும். தயாரித்தவர் சொல்லும் நேரம் காத்திருந்தே தொடவேண்டும். உள்ளிருக்கும் வாயுவும் முன்போன்றதன்று. பழைய ஆர்-22 எரியாதது. இப்பொழுது பெரிதும் வழங்கும் ஆர்-32 சிறிதளவு எரியக்கூடியது. சில யந்திரங்களில் உள்ள ஆர்-290 என்பது புரொப்பேன். நமது அடுப்பு காஸின் சகோதரன். கசியும் குழாய்க்குப் பக்கத்தில் பொறி பறக்கும் டெர்மினல் இருப்பது என்ன விளைக்கும் என்று விரித்துரைக்க வேண்டுவதில்லை. கசிவு பார்க்க நைட்ரஜனுக்குப் பதிலாக ஆக்ஸிஜன் சிலிண்டரை மாட்டுகிறவன் கம்ப்ரெஸர் எண்ணெயோடு அதைச் சேர்த்து வெடிகுண்டு செய்கிறான்.

சட்டம் இவ்விஷயத்தில் மெளனமாக இருக்கிறதா என்றால், இல்லை. 1956-ஆம் வருஷத்து இந்திய மின்சார விதிகளிலிருந்தே ஓர் ஏற்பாடு தொடர்ந்து வருகிறது. விளக்கு, விசிறி, ஸ்விட்ச், வீட்டுச் சாதனம் முதலியவற்றை, இணைப்பின் சக்தியும் தன்மையும் மாறாதபடி, மாற்றுவதை எவரும் செய்யலாம்; மற்ற மின் வேலை எதுவும் லைசென்ஸ் பெற்ற கண்டிராக்டரைக் கொண்டும், தகுதிச் சான்று பெற்றவரின் நேர்ப் பார்வையிலுமே நடைபெறவேண்டும் என்பது அது. 2010-ஆம் வருஷத்து விதிகளிலும் இது இடம் பெற்றது. விளக்குக் கம்பி மட்டுமிருந்த அறையில் ஒன்றரை டன் ஏ.ஸி.க்குப் புது வழி போடுவது இணைப்பின் சக்தியை மாற்றுவதாகாமல் வேறென்ன? நமது மாகாணத்தில் வயர்மேன்களுக்குச் சான்று வழங்க மின் உரிமம் வழங்கும் வாரியம் இருக்கிறது. ஐ.டி.ஐ.க்களில் எலெக்ட்ரீஷியன் படிப்பும் குளிர்சாதன மெக்கானிக் படிப்பும் இரண்டிரண்டு வருஷம் நடக்கின்றன. படித்த பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆனால் யந்திரத்தோடு அனுப்பப்படும் ஆள் அவர்களில் ஒருவர்தானா என்று கேட்கும் வழக்கம் மட்டும் இல்லை.

பிற நாடுகளில் என்ன செய்கிறார்கள்? ஜப்பானில் 1960-ஆம் வருஷத்து மின்வேலையாளர் சட்டப்படி, ஏ.ஸி.க்குச் சுவரில் வயரிங் செய்பவர் அரசாங்கப் பரீக்ஷையில் தேறிய சான்று உடையவராக இருத்தல் வேண்டும். இங்கிலாந்தில் 2005 முதல் வீட்டு மின்வேலை கட்டட விதிகளுக்குள் கொண்டுவரப்பட்டது; புது வழி போட்டவர் தாம் செய்த சோதனைகளின் அளவுகளை எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுக்கிறார். அங்கு வாடகை வீடுகளின் மின்வயரிங்கை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை சோதிக்கவேண்டும் என்று 2020-இல் விதி செய்தார்கள். நமது சட்டத்திலும் விபத்து நடந்த பிறகு மின் ஆய்வாளருக்குத் தகவல் கொடுக்க ஏற்பாடு இருக்கிறது. 2003-ஆம் வருஷத்து மின்சாரச் சட்டத்தின் 161-ஆவது பிரிவு அதைச் சொல்லுகிறது. ஆய்வாளர் வந்து, அளந்து, அறிக்கை எழுதுகிறார். அந்த அளவுகளில் பாதியை யந்திரம் மாட்டிய அன்றே எடுத்திருந்தால் அவர் வரவேண்டிய அவசியமே நேர்ந்திராது.

ஆகையால் நாம் கோருவது பெரிய சட்டம் அன்று, ஒரு சீட்டு. யந்திரத்தை விற்பவர், அதை மாட்டுகிறவரைக் கொண்டு நான்கு விஷயங்களை எழுதிக் கையொப்பமிடச் செய்யவேண்டும். கம்பியின் பருமனும் அதற்குப் போட்ட எம்.சி.பி.யின் அளவும் ஒன்று. 500 வோல்ட் மெக்கர் வைத்துப் பார்த்த இன்சுலேஷன் அளவு ஒன்று. 1 மெகாஓமுக்குக் குறைந்தால் யந்திரத்தை ஓடவிடக் கூடாது. எர்த் உண்மையான எர்த்தா, நியூட்ரலோடு சேர்ந்ததா என்பது ஒன்று. ஆர்.ஸி.ஸி.பி. பொத்தானை அழுத்தியபோது விழுந்ததா என்பது மற்றொன்று. கருவிகள் கையில் இருந்தால் இதற்குக் கால் மணி நேரம் ஆகும். அந்தக் கால் மணி நேரத்திற்குக் கூலி தனியே கொடுக்கப்படவேண்டும். இலவசமாகச் செய் என்றால், செய்யாமலே எழுதிய சீட்டுத்தான் கிடைக்கும். குடியிருப்போர் சங்கங்களிலும் வார்டுகளிலும் பொதுக் காரியம் செய்யும் அன்பர்கள் மனம் வைத்தால் ஸர்க்காருக்குக் காத்திராமலே இதனைத் தொடங்கலாம். சீட்டில்லாமல் எங்கள் கட்டடத்தில் யூனிட் ஏற்றக் கூடாது என்று ஓர் அடுக்குமாடிச் சங்கம் தீர்மானம் செய்தால், அந்தத் தெருவிலுள்ள கடைக்காரர் ஒரு மெக்கர் வாங்கித்தான் ஆகவேண்டும்.

வாடகை வீடுகளில் ஒரு சிக்கல் உண்டு. யந்திரம் குடியிருப்பவருடையது; சுவரும் எர்த் குழியும் வீட்டுக்காரருடையவை. பதினொரு மாதத்தில் வீடு மாறும்போது யந்திரம் கழற்றப்படுகிறது, கேபிள் வெட்டப்படுகிறது, புது வீட்டில் நீளம் போதாமல் ஒட்டுப் போடப்படுகிறது. ஒவ்வொரு தடவையும் வேறு ஆள், வேறு அவசரம். எர்த்தும் ஆர்.ஸி.ஸி.பி.யும் வீட்டுக்காரர் பொறுப்பு என்பதையும், கேபிளும் அதன் இணைப்பும் குடியிருப்பவர் பொறுப்பு என்பதையும் வாடகைப் பத்திரத்திலேயே இரண்டு வரியாக எழுதிவிடலாம். சீட்டின் ஒரு நகல் பத்திரத்தோடு இருக்கட்டும். மற்றொன்றை டி.பி. பெட்டியின் கதவுக்கு உட்புறத்தில் ஒட்டிவிடவேண்டும். அடுத்த தடவை அதைத் திறக்கப்போகிற தொழிலாளி, முன்பு எவர் என்ன செய்தார் என்பதைக் கம்பியைத் தொடுமுன் படித்துக்கொள்வார்.